கேமரா கெட்டுவிட்டதா? கழற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

மாசி மாதம், மயானக் கொள்ளைக்கு முந்தைய நாள். மறுநாள் வேலூர்ப் பாலாற்று மணலில் நடக்கும் திருவிழாவைப் படமெடுக்கக் காத்திருந்த கல்லூரி மாணவன் ஒருவன் வாடிய முகத்தோடு என்னிடம் வந்தான். "அண்ணா, பொத்தானை அழுத்தினால் ஷட்டர் விழவே இல்லை. ஒரு கடையில் காட்டினேன். உள்ளே போர்டு போய்விட்டது என்கிறார்கள்" என்றான். அவர்கள் கேட்ட தொகை, அந்தப் பழைய கேமராவை அவன் வாங்கிய விலையில் பாதி. திரையில் 'எர்ர் 01' என்று தெரிந்தது. லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன். அதன் பின்புறம் வரிசையாக இருக்கும் பொன்னிறப் புள்ளிகளில் வியர்வைப் பிசுக்கு படிந்திருந்தது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, 'டிக்' என்ற ஓசை கேட்கும்வரை திருப்பிப் பொருத்தினேன். ஷட்டர் விழுந்தது. மறுநாள் அவன் எடுத்த படங்கள் இன்றும் என் கணினியில் இருக்கின்றன.

அவன் அந்தப் பணத்தைக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னைச் சுடுகிறது. இதை எழுதுவதற்கு அதுவே காரணம். எஸ்.எல்.ஆர். கேமராவைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் 'ரிப்பேர்' என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை ரிப்பேரே அல்ல. அவற்றைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் பேட்டரி, அடுத்து கார்டு, பிறகு லென்ஸ், அதன் பிறகு செட்டிங். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பதற்றத்தில் நான்கையும் ஒன்றாக மாற்றினால் கேமரா சரியாகிவிட்டாலும் குற்றவாளி யார் என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பி வரும்.

இரண்டு வழிகள்

சோதனைக்கு இறங்கும் முன் ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் வழியாக வரும் ஒளி, சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, வியூ ஃபைண்டர் வழியாக உங்கள் கண்ணுக்கு வருகிறது. அந்த ஒளியில் ஒரு பகுதி கீழே இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்புகிறது, ஷட்டர் திறக்கிறது, ஒளி படச் சென்சாரைத் தொடுகிறது. ஆக, நீங்கள் பார்க்கும் வழி வேறு, படம் பதியும் வழி வேறு. பின்திரையில் பார்த்து எடுக்கும் 'லைவ் வியூ'வில் கண்ணாடி முன்பே மேலே போய்விடுவதால், நீங்கள் பார்ப்பதே படச் சென்சார் பார்ப்பது.

பாதிக் கோளாறுகளை இந்த ஒன்றை வைத்தே பிரித்துவிடலாம். வியூ ஃபைண்டரில் கறுப்பாக ஒரு தூசி தெரிகிறது, படத்தில் இல்லை என்றால் அது பார்க்கும் வழியில் கிடக்கும் தூசி. படத்துக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை, விட்டுவிடுங்கள். வியூ ஃபைண்டரில் எல்லாமே மங்கலாகத் தெரிந்து படம் மட்டும் துல்லியமாக இருந்தால், கண் வைக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் சிறு சக்கரத்தைத் திருப்புங்கள். கண்ணாடி அணிபவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வைத்த சக்கரம் அது. பையில் உரசித் தானாகத் திரும்பிவிடும். அதற்குள் தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை திருப்பினால் போதும். நண்பருக்கு இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிய கேமராவில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

உயிரே வரவில்லை என்றால்

பேட்டரியை வெளியே எடுத்து அதன் உலோகப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடைத்துத் திரும்பப் போடுங்கள். பேட்டரி மூடி முழுதாக அடைந்திருக்கிறதா, கார்டு மூடி அடைந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பல கேமராக்களில் மூடிக்குள் ஒரு சிறு விசை இருக்கிறது, மூடி அரைகுறையாக நின்றால் மின்சாரம் வராது. அதற்கும் அசையாவிட்டால் அதே வகைப் பேட்டரி வைத்திருக்கும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். பேட்டரி எடுக்க வராமல் இறுகி நின்றாலோ, வயிறு உப்பியிருந்தாலோ அதை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். அதன் காலம் முடிந்துவிட்டது.

நல்ல பேட்டரிக்கும் உயிர் வராவிட்டால் கார்டை எடுத்துவிட்டு இயக்குங்கள். பிறகு லென்ஸையும் கழற்றிவிட்டு இயக்குங்கள். லென்ஸ் இல்லாமல் உயிர் வந்தால் கோளாறு லென்ஸில் இருக்கிறது. எதற்கும் மசியவில்லை என்றால் மட்டுமே கேமராவின் உள்ளே சந்தேகம் போக வேண்டும்.

ஷட்டர் விழவில்லை என்றால்

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். கேமராவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஃபோகஸ் கிடைக்காததால் அது மறுத்துக்கொண்டிருக்கும். ஒற்றை ஃபோகஸ் முறையில், கூர்மை கிடைத்தால்தான் படம் எடுப்பேன் என்று அது பிடிவாதம் பிடிக்கும். மல்லிகை மொட்டைப் படமெடுக்க மூக்கு உரசும் தூரத்துக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 25 செ.மீ. தூரமாவது கேட்கும். அதை லென்ஸ் முனையிலிருந்து அளக்கக் கூடாது. கேமராவின் மேற்புறத்தில் ஒரு வட்டத்தைக் கோடு வெட்டுவது போன்ற குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அது, அங்கிருந்து அளக்க வேண்டும். வெறும் வெள்ளைச் சுவர், மேகமில்லாத வானம், இருட்டு மூலை ஆகியவற்றிலும் ஃபோகஸ் பிடிப்புக் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். கோடோ விளிம்போ இருக்கும் இடத்தில் புள்ளியை வையுங்கள். கோட்டை மதிலில் இரண்டு கருங்கற்கள் சந்திக்கும் இடுக்கு அதற்கு அருமையான இடம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. லென்ஸின் பக்கவாட்டு விசையைக் கைமுறை ஃபோகஸுக்கு மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். ஷட்டர் விழுந்தால் பிரச்சினை ஃபோகஸில். விழவில்லை என்றால் கார்டைப் பாருங்கள்: நிறைந்துவிட்டதா, கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டு கீழே இறங்கியிருக்கிறதா?

திரையில் வரும் குறிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அவை உங்களுக்கு உதவத்தான் வருகின்றன. கேனான் கேமராவில் எர்ர் 01 என்றால் லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளவில்லை. 02 என்றால் கார்டைப் படிக்க முடியவில்லை. 04 என்றால் கார்டு நிறைந்துவிட்டது. 05 என்றால் கேமராவின் சொந்த ஃபிளாஷ் எழும்ப முடியவில்லை, அதன் மேல் எதுவோ தடுக்கிறது. 20 முதல் 80 வரையிலான எண்கள் வந்தால் நிறுத்தி, பேட்டரியை எடுத்துச் சிறிது நேரம் கழித்துப் போடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் கோளாறு அது.

நிகானில் 'சி.எச்.ஏ.' என்பது கார்டுக் கோளாறு. 'எஃப்' என்ற எழுத்துக்குப் பின் இரண்டு சிறு கோடுகள் வந்தால் லென்ஸ் சரியாகப் பொருந்தவில்லை. 'எஃப்.இ.இ.' என்று சிமிட்டினால் பழைய வகை லென்ஸின் அபெர்ச்சர் வளையம் (ஒளி நுழையும் துளையை மாற்றும் வளையம்) அதன் மிகப் பெரிய எண்ணில், அதாவது 22-இலோ 16-இலோ, பூட்டப்படவில்லை என்று பொருள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 50 எம்.எம். 'டி' வகை லென்ஸை வாங்குகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். அவர்களுக்கு இன்னொரு செய்தி: நிகானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத அந்தப் பழைய லென்ஸ் இவற்றில் தானாக ஃபோகஸ் செய்யாது. லென்ஸும் நல்லது, கேமராவும் நல்லது, ஜோடிதான் பொருந்தவில்லை. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

படம் மங்கல்

'படம் மங்கலாக இருக்கிறது' என்று சொல்வது, மருத்துவரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று சொல்வதைப் போல. எந்த மங்கல் என்று பார்க்க வேண்டும். படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். எல்லாப் பொருள்களும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது உங்கள் கை. ஆள் மட்டும் கலங்கி, பின்னால் இருக்கும் சுவர் கூர்மையாக இருந்து, கலங்கலில் ஓடிய தடம் தெரிந்தால் அசைந்தது ஆள். இழுபட்ட தடம் எங்குமே இல்லாமல், நீங்கள் நினைத்த இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ கூர்மை விழுந்திருந்தால்தான் அது ஃபோகஸ் தவறு.

கை அசைவுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. லென்ஸின் எம்.எம். எண் எதுவோ, ஷட்டர் வேகம் நொடியில் அத்தனையில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. புதியவர்கள் வைத்திருக்கும் பெரும்பாலான கேமராக்களில் சென்சார் சிறியது என்பதால், அந்த எண்ணை நிகானுக்கு 1.5 ஆலும் கேனானுக்கு 1.6 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். 200 எம்.எம். லென்ஸ் என்றால் 1/320 நொடியாவது வேண்டும். ஆள் அசைவுக்கு இந்தக் கணக்கு உதவாது. நம் பக்கத்துக் கிராமங்களில் தை பிறந்ததும் தொடங்கும் மாடு விடும் விழாவில் காளை பாய்ந்து வருவதை எடுக்க 1/1000 நொடி வையுங்கள், ஃபோகஸையும் தொடர் முறைக்கு மாற்றுங்கள். ஒற்றை முறையில் பூட்டிய ஃபோகஸ், காளை முன்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். தடுப்புக்கு வெளியே நின்றே எடுங்கள். அந்த விழாவில் எந்தப் படமும் காளையின் பாதையில் இறங்கும் அளவுக்கு முக்கியமில்லை.

ஃபோகஸ் தவறு என்று உறுதியாகத் தோன்றினால் மேலே சொன்ன இரண்டு வழிகளை இங்கே பயன்படுத்துங்கள். நாளிதழ் ஒன்றைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில் வையுங்கள், இல்லாவிட்டால் திண்ணையில் அரிசி மூட்டை மேல் அமர்த்துங்கள். இரண்டு நொடி டைமர் போட்டு, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, வியூ ஃபைண்டர் வழியாக நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து மூன்று படம் எடுங்கள். அசைக்காமல் லைவ் வியூவுக்கு மாற்றி மேலும் மூன்று எடுங்கள். எழுத்துகளைப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். இரண்டும் கூர்மை என்றால் கேமராவும் லென்ஸும் நலம், பழக வேண்டியது நாம்தான். லைவ் வியூ கூர்மை, வியூ ஃபைண்டர் மங்கல் என்றால் கீழே இருக்கும் ஃபோகஸ் சென்சாரும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. சற்று விலை கூடிய கேமராக்களில் இதைச் சிறிது சிறிதாகத் திருத்தும் வசதி மெனுவிலேயே இருக்கிறது, மற்றவற்றைச் சர்வீஸில்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டுமே மங்கல் என்றால் லென்ஸைச் சந்தேகியுங்கள். அதற்கும் முன்னால், லென்ஸின் முகப்பில் விரல் ரேகை படிந்திருக்கிறதா, மலிவான ஃபில்டர் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரைக் கழற்றியதும் குணமான லென்ஸ்கள் பல.

காவலூர்ப் பக்கம் ஜவ்வாது மலையில் இரவு வானம் எடுக்கப் போகிறவர்கள் 'லென்ஸ் ஃபோகஸ் ஆகவில்லை' என்று சொல்வதுண்டு. 2.3 மீட்டர் தொலைநோக்கியை அங்கே நிறுவியிருப்பதற்குக் காரணங்களில் ஒன்று அந்த மலையின் இருட்டு. அந்த இருட்டில் தானியங்கி ஃபோகஸுக்குப் பிடிப்புக் கிடைக்காது. கைமுறைக்கு மாற்றி, லைவ் வியூவில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள்.

வெளிச்சமும் நிறமும்

எல்லாப் படங்களும் ஒரேயடியாக இருட்டாகவோ வெளுத்தோ வந்தால், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, கூட்டிக் குறைக்கும் அளவுகோலில் முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று இரவு வைத்த ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 3200 இன்று பகலிலும் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். சில படங்கள் மட்டும் பிசகினால் கேமராவின் கணக்கு ஏமாந்திருக்கிறது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்வது அதன் குணம். வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் மாப்பிள்ளை இருண்டு வருவார், கறுத்த நந்தி வெளிறி வரும். முன்னதற்கு அதே அளவுகோலில் +1 வையுங்கள், பின்னதற்கு -1 வையுங்கள்.

திருமண மண்டபத்தில் எடுத்த படங்களில் குறுக்கே இருண்ட பட்டைகள் ஓடினால் ஷட்டர் போய்விட்டது என்று அலறாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் பல நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. 1/500 போன்ற வேகம் அந்தத் துடிப்பின் நடுவில் மாட்டிக்கொள்ளும். 1/100 அல்லது 1/50 நொடிக்கு இறக்கினால் பட்டை மறையும். சில எல்.இ.டி. விளக்குகள் வேறு கணக்கில் துடிப்பவை, அங்கே வேகத்தை ஒவ்வொரு படியாக இறக்கிப் பார்க்க வேண்டியதுதான். ஃபிளாஷ் போட்டபோது மட்டும் ஒரு பக்கம் நேர்க்கோடாக இருண்டால் நீங்கள் ஃபிளாஷும் ஷட்டரும் ஒத்துப்போகும் வேகத்தை, பல கேமராக்களில் 1/200 நொடியை, தாண்டிவிட்டீர்கள். படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழுந்தால் லென்ஸின் முன் இருக்கும் ஹுட்டைக் கழற்றுங்கள்.

புள்ளிகள், மணல், தூசி

வானம் இருக்கும் படங்களில் எல்லாம் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. பாலாற்று மணலில் காற்று வீசும்போது லென்ஸ் மாற்றினால் இது நிச்சயம். அபெர்ச்சரை எஃப் 22-க்கு மூடி, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் எத்தனை தூசி என்று எண்ணிவிடலாம். படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். மெனுவில் சுத்தம் செய்வதற்கான கண்ணாடி உயர்த்தலைத் தேர்ந்தெடுங்கள். கேமராவின் வாயைத் தரையை நோக்கிக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் நான்கைந்து முறை ஊதுங்கள், முனை உள்ளே நுழையக் கூடாது. வாயால் ஒருபோதும் ஊதாதீர்கள், எச்சில் துளி தூசியைவிடக் கேடு. டப்பாவில் அடைத்து வரும் அழுத்தக் காற்றும் வேண்டாம். பஞ்சு, துணி, மூக்குக் கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் உள்ளே விடாதீர்கள். கண்ணாடியும் ஷட்டர் திரையும் விரல் பட்டாலே நாசமாகும் மென்மை கொண்டவை. ஊதியும் போகாத ஒட்டுத் தூசியைக் கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள்.

கார்டு

படங்கள் திடீரென்று காணவில்லை என்றால் அந்த நொடியே எடுப்பதை நிறுத்தி, கார்டை வெளியே எடுத்து வையுங்கள். கார்டில் படங்கள் பெரும்பாலும் இருக்கும், அவற்றின் முகவரிதான் அழிந்திருக்கும். மேலே புதுப் படம் எழுதினால்தான் உண்மையிலேயே அழியும். மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, வீட்டில் பொறுமையாகச் செய்யலாம். 2010-க்கு முந்தைய பழைய கேமராக்கள் பலவற்றுக்கு 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டு புரியாது, அது கார்டின் குற்றமில்லை. கார்டைக் கணினியில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஒரே கார்டை நம்பித் திருமணத்துக்குப் போகாதீர்கள்.

நம் ஊர் வெயிலும் ஐப்பசி ஈரமும்

பெரும்பாலான எஸ்.எல்.ஆர். கேமராக்கள் 0 முதல் 40 டிகிரி வரை வேலை செய்வதற்கு உருவாக்கப்பட்டவை. வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது நிழலிலேயே 40 தாண்டுகிறது. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை என்பதால் காரிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மூடிய கார் அடுப்பாகிவிடும், கைப்பிடி ரப்பர் இளகி உரியும், பேட்டரி உப்பும். உடன் வந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு முறை வைத்துப் போய் வாருங்கள். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனால் லைவ் வியூவில் நீண்ட நேரம் எடுக்காதீர்கள். வெப்பக் குறி திரையில் வந்தால் அணைத்துவிட்டு, வெள்ளைத் துண்டால் மூடி நிழலில் வையுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வெளுத்துப் பனி மூடுவது ஈரம். துடைக்கத் துடைக்க வரும். லென்ஸைக் கழற்றிவிடாதீர்கள், ஈரம் உள்ளேயும் போகும். வெளியே வருவதற்கு முன்பே கேமராவைப் பையில் போட்டு மூடி, அரை மணி நேரம் வெளி வெப்பத்துக்குப் பழக விட்டால் இது வராது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வருவது பூஞ்சை. லென்ஸைக் கழற்றி, இரு பக்க மூடிகளையும் எடுத்து, கைப்பேசி விளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல வெண்மையாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் அருகில் இருப்பதால் அழகான தோல் பைகள் நமக்கு எளிதில் கிடைக்கின்றன. அவற்றில் கேமராவைத் தோளில் மாட்டிப் போங்கள், ஆனால் மாதக்கணக்கில் அதற்குள் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அது விருந்து. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில் இளஞ்சூட்டில் வைத்தால் மறுபடி நீலமாகும். இதெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் வாரம் ஒருமுறை எடுத்துப் படமெடுங்கள், காற்றும் வெளிச்சமும் பட்டாலே பூஞ்சை தயங்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

கண்ணாடி மேலேயே நின்றுவிட்டால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்து பாருங்கள். கீழே வராவிட்டாலும், ஷட்டர் திரை கிழிந்திருந்தாலும், தண்ணீரில் விழுந்திருந்தாலும் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். நனைந்த கேமராவை இயக்கிப் பார்க்காமல் பேட்டரியை உடனே எடுத்துவிடுங்கள். வீட்டில் ஸ்க்ரூவைத் திருப்பாதீர்கள். உள்ளே ஃபிளாஷுக்கான மின்தேக்கி 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் அது போய்விடாது.

காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை, சர்வீஸ் மையங்களும் பழைய கைகளும் அங்கே இருக்கின்றன. புறப்படும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எந்தக் குறி வந்தது, எந்த லென்ஸோடு வருகிறது, எந்த லென்ஸோடு வரவில்லை, பேட்டரி மாற்றியபோது என்ன ஆனது. கோளாறு தெரியும் இரண்டு மூன்று படங்களைத் தனிக் கார்டில் போட்டுக் கொடுங்கள், உங்கள் சொந்தக் கார்டை எடுத்துவிடுங்கள். கேமராவின் அடியிலும் லென்ஸிலும் இருக்கும் வரிசை எண்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, ரசீதில் அதே எண்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகு கடையை விட்டு இறங்குங்கள்.